மழை ஜூலையில் வருகிறது, பணம் மார்ச்சில் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழையில் தாராவியிலும் சயானிலும் தண்ணீர் புகுந்ததையும், பல அமைப்புகள் பிரெட், பிஸ்கட், போர்வை என்று ஓடி ஓடிக் கொடுத்ததையும் தங்கள் நாளிதழில் படங்களோடு போட்டிருந்தீர்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். அதில் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் தண்ணீர் வடிந்ததும் செய்தியும் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளின் பாடு தொடங்குகிறது. பன்னிரண்டு மாதமும் அதே சந்தில் இருந்து வேலை செய்கிற அமைப்பே வெள்ளத்தில் அடிபட்டால் அதற்கு யார் கை கொடுப்பது? இதை மும்பைத் தமிழர்கள் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி. இப்போது இங்கே ஒரு சிறிய அறக்கட்டளைக்குப் பொருளாளராக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, வாங்கவும் மாட்டேன். அறக்கட்டளையின் பெயரை எழுதவில்லை. எங்களுக்கு வசூல் செய்ய இந்தக் கடிதம் இல்லை.

நாங்கள் நடத்துவது ஒரு குழந்தைகள் காப்பகம். பகுதியில் எல்லோரும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். காலையில் அம்மாமார்கள் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். மாட்டுங்காவில், வடாலாவில் வீட்டு வேலை செய்பவர்கள் பாதிப் பேர். சிலர் தோல் பட்டறையில் பை தைக்கிறார்கள். இன்னும் சிலர் விடியும் முன்னே இட்லி அவித்து அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி வீட்டு ஆண்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, பகலில் அடுத்த நாளைக்கு மாவு ஆட்டுபவர்கள். மும்பையில் தெருத்தெருவாக வருகிற இட்லிக்காரரின் பின்னால் இப்படி ஒரு வீடே உழைக்கிறது. அந்த வீட்டில் கிரைண்டரும் அடுப்பும் இருக்கிற பத்துக்குப் பத்து அறையில் தவழும் குழந்தையை எங்கே விடுவது? அதற்குத்தான் பால்வாடி. மதியம் பருப்பு சாதம், சாயங்காலம் பால், இரண்டு ஆயா, ஒரு டீச்சர். மாலையில் பெரிய பிள்ளைகளுக்கு அதே அறையில் டியூஷன்.

தாராவியில் ஒரு விஷயம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சந்தில் சிமெண்ட் தளம் போடும்போதெல்லாம் பழைய தளத்தின் மேலேயே போடுகிறார்கள். அதனால் சந்து உயர உயர, வீடுகள் பள்ளமாகிக்கொண்டே போகின்றன. எங்கள் அறைக்கு இப்போது இரண்டு படி கீழே இறங்கித்தான் போக வேண்டும். போன வருஷம் ஜூலையில் ஒரு ராத்திரி நாலா, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய், நிரம்பி, அந்த இரண்டு படியும் தாண்டி, உள்ளே முட்டிக்கு மேல் தண்ணீர் நின்றது. காலையில் கதவைத் திறந்தபோது பாய்கள் மிதந்தன. அரிசி மூட்டை கல் மாதிரி இறுகிவிட்டது, நாற்றம் தாங்கவில்லை. ஃப்ரிட்ஜ் மோட்டார் போயிற்று. கீழே வைத்திருந்த வருகைப் பதிவேடுகள் ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. அதையெல்லாம்விட முக்கியம், சுவரில் இருந்த ஸ்விட்ச் போர்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். வயரிங் முழுக்க மாற்றாமல் சின்னக் குழந்தைகளை இங்கே உட்கார வைக்காதீர்கள், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். பூட்டினோம்.

ஆயாக்கள் தேய்த்துக் கழுவிய பிறகும் சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே பிள்ளைகள் கிரேயான் வைத்துக் கிறுக்கி வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோயிற்று.

கணக்குப் போட்டோம். வயரிங், தரையை உயர்த்துவது, ஃப்ரிட்ஜ், பாய், பாத்திரம், அரிசி பருப்பு, அதோடு பூட்டியிருக்கும் காலத்துக்கும் சேர்த்து வாடகை, ஆயாக்களின் சம்பளம், டீச்சர் சம்பளம். எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். பெரிய அமைப்புக்கு இது ஒரு கருத்தரங்கின் சாப்பாட்டுச் செலவு. எங்கள் கையில் இருந்தது இருபதாயிரத்துச் சொச்சம்.

பால்வாடி பூட்டினால் என்ன நடக்கும் என்பதை ஒரே ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். மாட்டுங்காவில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண். ஒன்றரை வயதுப் பையன், மூத்தவள் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. முதல் இரண்டு நாள் பையனைக் கூடவே தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு வீட்டில் குழந்தை அழுவதால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். சரி என்று மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்த்துக்கொள்ள வைத்தாள். நான் போய்ப் பார்த்தபோது, பழைய சேலையைக் கிழித்து ஒரு முனையைப் பையனின் இடுப்பிலும் மறு முனையைக் கட்டில் காலிலும் கட்டியிருந்தது. அவர்கள் இருப்பது மேல் அறை. வாசலுக்கு வெளியே நேரே இறங்குகிற இரும்பு ஏணி. குழந்தை தவழ்ந்து அங்கே போய்விடக் கூடாதே என்று அம்மா செய்த ஏற்பாடு அது. எட்டு வயதுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான்கு வீடும் போய்விட்டால் அவள் வாடகை எப்படிக் கொடுப்பாள்?

இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை. பிரெட் பாக்கெட் கொடுத்தவர்கள் அந்த வீட்டுக்கும் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது பால்வாடி திறப்பது.

பணத்துக்கு நாங்கள் கேட்காத இடமில்லை. ஒரு பெரிய கம்பெனியின் சிஎஸ்ஆர் பிரிவில், அதாவது சமூகப் பணிக்குப் பணம் ஒதுக்குகிற பிரிவில், மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். எங்கள் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும், அடுத்தது அக்டோபரில், மூன்று கொட்டேஷன், மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட், புகைப்படங்கள், இந்த உதவியால் ஏற்படப்போகும் தாக்கம் பற்றி ஒரு அறிக்கை எல்லாம் இணையுங்கள் என்றார்கள். இன்னொரு கம்பெனி, ரிப்பேருக்கும் சம்பளத்துக்கும் நாங்கள் தருவதில்லை, வேண்டுமானால் நூறு ஸ்கூல் பை தருகிறோம், பையில் எங்கள் பெயர் இருக்கும், ஒரு சின்ன விழா வைத்துக் கொடுக்கலாம் என்றது. பை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் விழா வைக்க அறை வேண்டுமே. இணையத்தில் நன்கொடை திரட்டும் தளங்களிலும் போட்டுப் பார்த்தோம். ஒரு குழந்தைக்கு இதய ஆபரேஷன் என்று முகத்தோடு படம் போட்டால் மக்கள் மனம் இளகிக் கொடுக்கிறார்கள், அது நல்ல காரியம். வயரிங் மாற்ற என்று கேட்டால் எந்த முகத்தைப் போடுவது? பிள்ளைகளின் படத்தைப் போட அம்மாமார்களும் விரும்பவில்லை, நாங்களும் விரும்பவில்லை.

வெளிநாட்டு நிதி பெறுகிற ஒரு பெரிய தொண்டு நிறுவனத்துக்காரர்கள் உண்மையிலேயே கொடுக்க ஆசைப்பட்டார்கள். அவர்களால் முடியாது. 2020 செப்டம்பரில் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை வாங்கும் ஒரு அமைப்பு அதை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. முன்பு சில நிபந்தனைகளோடு கொடுக்கலாம். பெரிய அமைப்பு நிதி வாங்கி, அந்தந்தப் பகுதியில் இருக்கிற சிறிய அமைப்புகளுக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று பிரித்துக் கொடுத்த காலம் அது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டத்தை நாங்கள் மீறப் போவதில்லை. ஆனால் அந்த வாய்க்கால் அடைபட்ட பிறகு வேறு வாய்க்கால் யாரும் வெட்டவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கடைசியில் பால்வாடியைத் திறக்க வைத்தது எங்கள் அம்மாமார்களின் சீட்டுப் பணம். மாவு ஆட்டுகிற பெண்கள் சேர்ந்து மாதச் சீட்டு போடுகிறார்கள். அந்த மாதம் சீட்டு எடுக்க வேண்டிய பெண் ஊரில் தன் தங்கைக்குக் கம்மல் வாங்க வைத்திருந்தாள். தீபாவளிக்கு வாங்கிக்கொள்கிறேன், இப்போது பால்வாடிக்குக் கொடுங்கள் என்று அறுபதாயிரத்தையும் எங்கள் கையில் கொடுத்தாள். அதை வைத்து வயரிங்கையும் தரையையும் முடித்தோம். எலக்ட்ரீஷியன் கூலியில் பாதியை வாங்கிக்கொள்ளவில்லை. ஆயாக்கள் ஒரு மாதச் சம்பளத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் பூட்டிக் கிடந்த பிறகு திறந்தோம். சீட்டுப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து முடித்தோம். அந்த ஒரு மாதத்தில் சில பெண்களுக்கு வேலை போனது போனதுதான்.

மும்பை மாதிரி ஊரில், இத்தனை கம்பெனித் தலைமையகங்கள் இருக்கிற ஊரில், ஒரு பால்வாடிக்கு அவசர நிதி கொடுத்தது மாவு ஆட்டுகிற பெண்கள். இதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது.

மார்ச் மாதம் வந்தது. அதே கம்பெனிகளில் ஒன்றிலிருந்து போன் வந்தது. இந்த நிதியாண்டு முடிவதற்குள் ஒரு தொகையைச் செலவு செய்ய வேண்டியிருக்கிறது, ஏதாவது திட்டம் இருக்கிறதா, இரண்டு நாளில் அனுப்ப முடியுமா என்றார்கள். தொண்டு அமைப்புகளின் கணக்கு பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடுகிற கம்பெனி, முந்தைய மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்த வருஷத்துக்குள் செலவாகாத பணத்தை அரசு குறிப்பிட்டிருக்கும் நிதிகளுக்கு மாற்றிவிட வேண்டும், தொடரும் திட்டமாக இருந்தால் தனிக் கணக்கில் போட வேண்டும். அதனால்தான் மார்ச்சில் இந்த அவசரம். எங்கள் அவசரம் ஜூலையில் வருகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

இதில் சட்டத்தின் மேல் பழி போடுவது பாதிதான் சரி. வங்கியில் இருந்த பழக்கத்தால் விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பேரிடர் நிவாரணம், மறுவாழ்வு, புனரமைப்பு ஆகியவை சிஎஸ்ஆர் செலவுப் பட்டியலில் தெளிவாகவே இருக்கின்றன. நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் என்று எங்களிடம் எல்லோரும் சொல்கிறார்களே, அந்த வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்துகிற செலவுக்கு. ஒரு திட்டத்தை நேரடியாக நடத்துகிற ஆயாவின் சம்பளத்துக்கு அந்த வரம்பு இல்லை. தாக்க மதிப்பீடு கட்டாயம் என்பதும் பெரிய கம்பெனிகளுக்கு, அதுவும் ஒரு கோடியும் அதற்கு மேலும் போகிற திட்டங்களுக்கு. ஒன்றரை லட்ச ரூபாய் ரிப்பேருக்கு இதைக் கேட்பது அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். இன்னொன்றும் இருக்கிறது. வருஷத்துக்கு 50 லட்சத்துக்குள் சிஎஸ்ஆர் செலவிட வேண்டிய கம்பெனிக்கு கமிட்டியே தேவையில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். மும்பையிலும் தாணேயிலும் நம் ஆட்கள் நடத்துகிற நடுத்தரக் கம்பெனிகள் எத்தனையோ இந்த வரம்புக்குள் வரும். அவர்கள் மனது வைத்தால் ஒரு வாரத்தில் பணம் கொடுக்கலாம். தடுப்பது வழக்கம்தான்.

நீங்கள் ஏன் கையிருப்பு வைத்துக்கொள்ளவில்லை என்று எங்களைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை வருஷ வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும், 15 சதவீதத்தைத் தாராளமாகச் சேர்த்து வைக்கலாம். குறிப்பிட்ட நோக்கம் சொல்லி அதற்கு மேலும் ஒதுக்கி வைக்க வழி இருக்கிறது. ஆனால் எங்களுக்கு வருகிற பணம் முக்கால்வாசி இந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு, அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் என்று பெயர் குறித்து வருகிறது. பெயர் குறித்த பணத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது, நான் தொடவும் விடமாட்டேன். வாடகைக்கும் கையிருப்புக்கும் என்று யாரும் தருவதில்லை. அப்புறம் 15 சதவீதம் எதிலிருந்து சேரும்?

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிந்ததை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது, ஊரடங்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இங்கே கூலி வேலை முழுக்க நின்றுவிட்டது. அப்போது எங்களுக்கு நிதி கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், பிள்ளைகளின் சுற்றுலாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் கொடுத்த பணத்தை அரிசிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, அன்று மாலையே சரி, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று பதில் எழுதினார். அதே நேரத்தில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான அறநிதி அமைப்புகள், ஏற்கெனவே கொடுத்த நிதியின் கட்டுப்பாடுகளைத் தளர்த்துகிறோம் என்று பகிரங்கமாகக் கையெழுத்துப் போட்டன. லண்டனில் அறுபதுக்கும் மேற்பட்ட நிதியளிப்பவர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே விண்ணப்பம் போட்டால் போதும், யார் கொடுப்பது என்பதை நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம் என்று ஏற்பாடு செய்தார்கள். சின்ன அமைப்பு பத்து இடத்தில் பத்து விதமான படிவம் நிரப்ப வேண்டியதில்லை. இந்த ஒரு ஏற்பாட்டை நான் படித்தபோது எங்கள் டீச்சரை நினைத்துக்கொண்டேன். பகலில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மொபைலில் ஆங்கிலப் படிவம் நிரப்புகிறவர் அவர்.

கொரோனா போனது, பழைய படிவங்கள் திரும்பி வந்துவிட்டன.

மும்பைத் தமிழர்களிடம் நான் கேட்பது இதுதான். தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், சபாக்கள், நம் வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து ஓர் அவசர நிதியை நிரந்தரமாக உண்டாக்க வேண்டும். தாராவி, சீத்தா கேம்ப், ஆண்டாப் ஹில், செம்பூர், காட்கோபர் காமராஜ் நகர் என்று நம் மக்கள் இருக்கிற இடங்களில் வேலை செய்கிற சிறிய அமைப்புகளுக்கு, அது தமிழர் நடத்துவதா மராத்தியர் நடத்துவதா என்று பார்க்காமல், அந்த நிதி கை கொடுக்க வேண்டும். எங்கள் பால்வாடியில் உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாலாத் தண்ணீர் பாஷை பார்த்து வருவதில்லை.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது சரிபார்ப்பை எப்போது செய்வது என்பது. வெள்ளம் வந்த பிறகு ஆடிட் ரிப்போர்ட்டும் பதிவுச் சான்றிதழும் கேட்டால் அவை தண்ணீரில் ஊறிக் கிடக்கும். அந்த வேலையை ஏப்ரல், மே மாதத்திலேயே முடித்து வைக்க வேண்டும். எந்த அமைப்பு எங்கே இருக்கிறது, அறக்கட்டளைகளைப் பதிவு செய்கிற சாரிட்டி கமிஷனரிடம் பதிவு இருக்கிறதா, கணக்கு ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா, வங்கிக் கணக்கு எது, யார் கையெழுத்து, எல்லாவற்றையும் வெயில் காலத்தில் நேரில் போய்ப் பார்த்து ஒரு பட்டியல் வைத்துவிட்டால், ஜூலையில் ஒரு போன் போதும். பக்கத்தில் இருக்கிற வேறொரு அமைப்பு ஆமாம், சேதம் உண்மை என்று சொல்ல வேண்டும், நிதிக் குழுவில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும், ஐந்து நாளில் பணம் கணக்கில் ஏற வேண்டும். செலவு செய்துவிட்டு பில் கொண்டு வாருங்கள், பிறகு தருகிறோம் என்கிற பேச்சே கூடாது. செலவு செய்யப் பணம் இருந்தால் நாங்கள் ஏன் வருகிறோம்?

தொகை பெரிதாக வேண்டியதில்லை. ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. அதை எதற்குச் செலவழிப்பது என்று அமைப்பே முடிவு செய்யட்டும். வாடகை, சம்பளம், கரண்டு பில், எதுவானாலும் சரி. வெள்ளம் மட்டும்தான் அவசரம் என்றும் நினைக்காதீர்கள். கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போகிறது, இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள் என்று ஓனர் சொல்வது அவசரம். புது இடத்துக்கு டெபாசிட் கொடுக்க முடியாமல் மூடிப்போன டியூஷன் மையங்களை எனக்குத் தெரியும். பெரிய நன்கொடையாளர் ஒருவர் திடீரென்று நிறுத்திக்கொள்வதும் அவசரம்தான். விண்ணப்பம் ஒரே பக்கம், தமிழிலோ இந்தியிலோ மராத்தியிலோ கையால் எழுதிக் கொடுக்கலாம் என்று வைத்தால் எங்கள் டீச்சர் மாதிரி ஆட்கள் தூங்கப் போவார்கள்.

குழுவில் மூன்று பேர் போதும். ஆனால் அதில் ஒருவராவது தாராவி மாதிரி ஒரு பகுதியில் வாழ்கிறவராக இருக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். சேலையால் கட்டிப்போட்ட குழந்தையைப் பார்த்தவருக்கு அக்டோபர் வரை பொறுங்கள் என்று சொல்ல வாய் வராது.

ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், அது பொதுப் பணம். வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், தாமதம் ஏமாற்றைத் தடுப்பதில்லை. ஏமாற்றுகிறவரிடம்தான் எல்லாக் காகிதமும் அழகாக அடுக்கி இருக்கும், அவருக்குக் காத்திருக்கவும் நேரம் இருக்கும். தடுப்பது நேரில் பார்ப்பதும், தொகையைச் சிறிதாக வைப்பதும், செலவானதும் மூன்று மாதத்துக்குள் ரசீதுகளோடு கணக்குக் கேட்பதும்தான். கணக்குக் கொடுக்காத அமைப்புக்கு அடுத்த முறை கிடையாது. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தங்கள் நாளிதழிலேயே வெளியிடலாம். அக்கம்பக்கத்தார் படிப்பார்கள், தவறு இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அரசாங்கமும் மாநகராட்சியும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி நதி ஊருக்குள் வந்த பிறகு எவ்வளவோ பேசினார்கள். மித்தியின் கழிமுகம் எங்கள் பக்கத்திலேயே மாஹிமில் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் எங்களுக்கு அந்தப் பயம் வருகிறது. ஆனால் நாலா சரியாகும் வரை பால்வாடி பூட்டிக் கிடக்க முடியாது.

நம்மால் சேர்ந்து செய்ய முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று மாட்டுங்காவில் 1932-லேயே சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கியவர்கள் நம் முன்னோர். கும்பாபிஷேகம் என்றால் ஒரு மண்டலத்துக்குள் லட்சங்கள் சேர்கின்றன, நானும் கொடுத்திருக்கிறேன், சந்தோஷமாகக் கொடுப்பேன். அந்த வசூலில் நூற்றுக்கு இரண்டு ரூபாயை இந்த நிதிக்கு எடுத்து வைத்தால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. தனியாகக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல். புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு நன்கொடைக்கான 80ஜி வரிவிலக்குக் கிடைக்காது, அதனால் கொடுப்பதை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சிறிய அமைப்புகளுக்கு மாதாமாதம் வருகிற ஐந்நூறு ரூபாய்தான், எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்ற நிபந்தனையற்ற பணம். எங்கள் மின்கட்டணம் அதில்தான் போகிறது.

நம் சங்கங்கள் வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டுகின்றன. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு சங்கங்கள் சேர்ந்து பத்து லட்சம் போட்டால் முதல் மழையைச் சமாளிக்கலாம். அடுத்த ஜூன் வருவதற்குள் பட்டியல் தயாராக வேண்டும், அதற்கு இப்போதே உட்கார வேண்டும். அமைப்புகளைப் போய்ப் பார்த்து, கணக்குகளைச் சரிபார்த்து, பட்டியல் எழுதுகிற வேலையை நான் செய்து தருகிறேன். என்னோடு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பேரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். நிதியைத் தொடங்குகிற சங்கம் எதுவாக இருந்தாலும் சொல்லி அனுப்பட்டும், வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
தாராவி, மும்பை